அதற்கு ஆள் இருக்கிறது

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. வழக்கமாக முதல் வரியில் என் சுகம் கேட்பாய். இந்தமுறை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், சுகமாயிருக்கிறேன். மழைக்காலத்து இருமல் விட்டுவிட்டது. உன் நாய் ஜிம்மிக்கு ஒரு காதில் சொறி வந்து, வேப்பெண்ணெய் பூசி மாறிவிட்டது. கூப்பன் அரிசி முன்பைவிடப் பரவாயில்லை. வீட்டைப் பற்றி வேறு சொல்வதற்கு எதுவுமில்லை.

நீ எழுதியிருந்தது ஒரு பக்கம்தான். கல்யாணப் பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்த நேரத்தில், பெண்ணுக்குக் கொழும்பில் கொள்ளுப்பிட்டியில் இருக்கும் தாய்மாமன் என்னைப் பற்றி ஒரு சேதியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் என்றும், வெள்ளவத்தைப் பூங்காவில் நான் தினமும் காலையில் நாயின் அசிங்கத்தை அள்ளுகிறேன் என்று யாழ்ப்பாணத்தில் பெண்வீட்டில் கதைக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். "இது பொய் என்று நான் அவர்களுக்கு எழுதலாமா? உண்மையென்றால் இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்கு ஆள் இருக்கிறதுதானே அப்பா?" என்று கேட்டிருந்தாய்.

உண்மைதான். அந்த மனிதரையும் நான் கண்டேன். அவர் யாரென்பது உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. போன மாதம் ஒரு காலை, நான் வேலியோரம் குந்தியிருந்து ஜிம்மி செய்துவைத்ததைச் சிரட்டையால் வழித்துத் தகரப் பேணிக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கோட்டும் குடையுமாக ஒருவர் பூங்கா வாசற்படலைக்கு வெளியே நின்று கைதட்டிக் கூப்பிட்டார். "இஞ்ச, கொஞ்சம் வா. பென்ஷன் எடுத்த தலைமை லிகிதர் ஒருத்தர், கப்பல் கம்பனியில இருந்தவர், அவரின்ர வீடு எதெண்டு தெரியுமோ?" என்றார். நான் எழும்பி, "தெரியும். கடற்கரைப் பக்கம் போற ஒழுங்கையில இடக்கைக்கு மூண்டாவது வீடு. ஆனா அவர் இப்ப வீட்டில இல்லை" என்றேன். "எங்க போயிட்டார்?" "இஞ்சதான் நிக்கிறார்." அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். "சரி, பிறகு ஆறுதலா வாறன்" என்று சொல்லிவிட்டுக் பஸ் போகிற காலி வீதிப் பக்கம் போனார். வரவில்லை. வாடகைக்கு வீடு தேடி வந்த ஆளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உன் தலையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மனிதர் என்று தெரிந்திருந்தாலும் என்னால் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ எழுதிய அந்தக் கடைசி வசனம் உன்னுடையதில்லை, தம்பி. அது என்னுடையது. உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. காலேஜில் கடைசி வருஷம், ஒரு பறங்கிச் சிநேகிதன் வீட்டிலிருந்து இந்த நாயைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாய். அம்மா பார்த்துவிட்டு, "சட்டி பானைக்குள்ள வாய் வைச்சுதெண்டா ரெண்டு பேரும் வெளியிலதான்" என்றாள். அன்று பின்னேரமே அதற்குப் பால் காய்ச்சினாள். முற்றத்தை அசிங்கப்படுத்தக்கூடாது என்று நீ அதைக் காலையும் மாலையும் பூங்காவுக்குக் கொண்டுபோய்ப் பழக்கினாய். முதல் வாரத்தில் ஒரு நாள் நீ பழைய கடதாசித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டாய். ஏன் என்று கேட்டேன். "ஜிம்மி வெளிக்கிருந்ததை எடுக்க வேணும் அப்பா, சின்னப் பிள்ளையள் விளையாடுற இடம்" என்றாய். நான் அந்தக் கடதாசியை உன் கையிலிருந்து பறித்தேன். "எங்கட வீட்டுப் பிள்ளை அதைத் தொடுறதோ? அதுக்கு ஆள் இருக்கு" என்றேன். நீ வெறுங்கையோடு ஜிம்மியைக் கூட்டிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு ஒருநாளும் கடதாசி எடுக்கவில்லை. நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த எத்தனையோ நல்ல காரியங்களை நீ மறந்துவிட்டாய். இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுபோய்க் கோலாலம்பூரிலிருந்து எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

அந்த ஆள் யாரென்றும் சொல்ல வேண்டும். செல்லாயி. நீ அவளைப் பார்த்திருக்கிறாய். கட்டையான உருவம், நாற்பது வயதிருக்கும், காதில் பித்தளைத் தோடு, விடியுமுன்பே ஈர்க்குமாறோடு வருவாள். அவளுடைய பெற்றோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். புருஷன் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, நெஞ்சு நோய் வந்து செத்துப்போனான். பூங்கா உனக்குத் தெரியும், யாரோ ஒரு பறங்கிக் கனவான் தன் காணியில் ஒரு துண்டை ஊருக்கென்று எழுதிவைத்துப்போனது. எங்களைப் போல உத்தியோகம் பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் கமிட்டி வைத்து அதை நடத்தினோம். நான் காரியதரிசி. செல்லாயியைப் பற்றி இவ்வளவையும் நான் பிறகுதான் அறிந்தேன். அவள் அங்கே வேலைசெய்த காலத்தில் அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே சம்பளத் துண்டில் பார்த்தால்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அம்மா போய், அடுத்த ஆண்டு நீயும் கப்பலேறிய பிறகு இந்த வீடு எப்படி இருந்தது என்று நான் உனக்கு எழுதியதில்லை. மத்தியானச் சாப்பாடு சைவக்கடையிலிருந்து வரும். இரவுக்குப் பாண்காரன் கொண்டுவரும் ரொட்டி. பின்னேரம் கடற்கரை ரயில் போகிற சத்தம் கேட்டால் ஜிம்மி எழும்பிப் படலைக்குப் போய் நிற்கும், நீ அந்த ரயிலில்தான் காலேஜ் விட்டு வருவாய் என்பதால். நானும் இங்கிருந்து எட்டிப் பார்ப்பேன். இரண்டு பேரும் திரும்பி உள்ளே வருவோம். எனக்கு நாய் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளில் என் குரலைக் கேட்க அந்த வீட்டில் வேறு சீவன் இல்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் மூன்று நாள் போயிருக்கிறது என்று ஒருமுறை கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து பத்திரிகையை ஜிம்மிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அதைக் காலையில் பூங்காவுக்குக் கொண்டுபோவதும் என் வேலையாயிற்று. அங்கே ஓய்வுபெற்ற தபாலதிபர் சபாபதியும் வருவார். இரண்டு பேருமாகப் பூங்காவை நாலு சுற்றுச் சுற்றுவோம். அந்த அரைமணி நேரம்தான் எனக்கு மனிதர்களோடு கிடைத்த நேரம்.

போன வருஷம் பூங்காவில் சிறுபிள்ளைகளின் விளையாட்டு விழா வைத்தோம். அன்று காலை எனக்கு விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் விழிப்பு வந்தது. நான் ஜிம்மியோடு போகும்போது செல்லாயி கூட்டி முடித்து, குப்பைக் கூடையோடு படலையால் வெளியே வந்துகொண்டிருந்தாள். "ஐயா இன்னிக்கு லேட்டுங்களே" என்று சொல்லி ஒதுங்கி நின்றாள். உள்ளே போனால் பூங்கா துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. ஜிம்மி நேரே ஊஞ்சல் மரத்தடிக்குப் போய் வெளிக்கிருந்தது. நான் பார்த்தேன். சுற்றவரப் பார்த்தேன், ஒருவருமில்லை. இன்னும் இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். நேர அட்டவணை எழுதியவனே நான். கால் செருப்பால் இரண்டு சருகைத் தள்ளி மூடிவிட்டு வந்துவிட்டேன்.

கமிட்டித் தலைவர் கோர்ட்டில் வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசி, பெரிய குரல்காரர். அவருடைய பேத்தி, ஐந்து வயதுப் பிள்ளை, சாக்கோட்டத்தில் விழுந்தது அந்தச் சருகின் மேல். வெள்ளைச் சட்டை, கை, தலைமயிர் எல்லாம். பிள்ளை அழுதுகொண்டே கையை வாய்க்குக் கொண்டுபோனது. தாய் ஓடிவந்து பிடித்தாள். சுற்றி நின்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரித்தன. நான் ஒரு கையில் பரிசுப் பட்டியலை வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரமே தலைவருடைய விறாந்தையில் கமிட்டி கூடியது. அவர் மேசையில் தட்டி, "கூட்டுறதுக்கு ஒரு மனுசி வைச்சிருக்கிறம். அவள் என்னத்தைக் கூட்டினவள்?" என்றார். நாய் வைத்திருக்கும் ஐந்து வீட்டில் மூன்று வீட்டுக்காரர் அந்த விறாந்தையிலேயே இருந்தோம். ஒருவரும் நாய் என்ற சொல்லை எடுக்கவில்லை. செல்லாயியைக் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள். அவள், "நான் கூட்டிட்டுத்தாங்க போனேன். ஒரு எல இல்லாமக் கூட்டினேனுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். தலைவரும் என் பக்கம் திரும்பி, "காரியதரிசி என்ன சொல்லுறீர்?" என்றார். தம்பி, ஒரு வசனம் போதும். 'அவள் போனபிறகு வந்தது என் நாய்' என்று சொன்னால் முடிந்தது. கொஞ்சம் சிரித்திருப்பார்கள், தலைவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கியிருப்பார். நான், "கமிட்டி தீர்மானிக்கிறபடி செய்யலாம்" என்றேன்.

வேலைநீக்கக் கடிதத்தை எழுதியதும் நான்தான். 'கடமையில் கவனக்குறைவு' என்று எழுதினேன். மறுநாள் காலை பூங்காப் படலையில் வைத்து அவளுக்கு வாசித்துக்காட்டி, பெருவிரலை மையில் தோய்த்து அடையாளம் வாங்கி, ஒரு பிரதியை அவள் கையில் கொடுத்தேன். அவள் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனாள். கூடையையும் ஈர்க்குமாற்றையும் வேலியில் ஒழுங்காகச் சாத்திவைத்துவிட்டுத்தான் போனாள்.

புது ஆள் கிடைக்க ஒரு மாதம் சென்றது. அந்த மாதத்தில்தான் ஐந்து நாய்கள் ஒரு பூங்காவை என்ன செய்யும் என்று கண்டேன். நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. ஈ மொய்த்தது. பிள்ளைகள் வருவது நின்றுவிட்டது. இரண்டாவது வாரம் ஒரு காலை சமையலறையில் கிடந்த இரண்டு சிரட்டையையும் ஒரு பால்மாப் பேணியையும் எடுத்துக்கொண்டு போனேன். முதல்நாள் ஜிம்மியுடையதுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். இடுப்பு வளையவில்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. இடுப்பு வளையும், அறுபது வயதிலும் ஊருக்குப் போனால் கோயிலில் விழுந்து கும்பிடுகிறேன். வளையாதது வேறொன்று. கடைசியில் குந்தினேன். நாற்றத்தில் கண்ணில் நீர் வந்தது. எடுத்து, வேலியோரம் கிடங்கு வெட்டிப் போட்டு மூடினேன். எல்லாம் ஒரு நிமிஷத்து வேலை. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஒரு மனுசியின் சோற்றில் மண் போட்டேன்.

சபாபதி மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள், "என்ன காணும் இது? நீர் செய்யிற வேலையே? ஆக்கள் என்ன கதைக்கினம் தெரியுமோ?" என்றார். "என்ர நாய்தானே" என்றேன். "உம்மட நாயெண்டா? அதுக்கெண்டு சாதியள் இருக்கு. உம்மோட சேர்ந்து நடக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு." பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்த நாளிலிருந்து அவர் எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் சந்திப்போம். இரண்டு தரமும் கடலைப் பார்ப்பார். அவர் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வரும் கறிக்கிண்ணமும் நின்றது. பதினாறு வருஷச் சிநேகிதம், தம்பி. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு வருஷத்துக்கு முன்பு அவர் குனிந்திருந்தால் நானும் கடலைத்தான் பார்த்திருப்பேன்.

செல்லாயியைத் தேடிப் போவதற்கு எனக்கு இன்னும் ஒரு மாதம் எடுத்தது. பாண்காரனிடம் விசாரித்தேன். கொட்டாஞ்சேனையில் தமக்கை வீட்டில் இருக்கிறாள் என்றான். கோட்டை வரை பஸ்ஸில் போய், ட்ராம் எடுத்து, இறங்கி விசாரித்து விசாரித்து நடந்தேன். கோயில் மணியும் மாதா கோயில் மணியும் ஒன்றாகக் கேட்கிற ஒரு சந்துக்குள், காய்ந்த மிளகாய்க் கிடங்கு ஒன்று. பத்துப் பதினைந்து பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற எனக்கே தும்மல் அடங்கவில்லை. செல்லாயியை அடையாளம் பிடிக்க நேரம் சென்றது. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. விரல் நுனிகளைத் தேங்காயெண்ணெயில் நனைத்த துணியால் சுற்றியிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள். அந்தப் பழக்கம் போகவில்லை.

"செல்லாயி, அண்டைக்கு அது என்ர நாய்" என்றேன். வழியெல்லாம் எத்தனையோ வசனம் சேர்த்துவைத்திருந்தேன், வாயில் வந்தது அதுதான்.

"தெரியுமுங்க" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"அஞ்சு நாயும் எங்க போகும், எப்பப் போகும்னு எனக்குத் தெரியாதுங்களா? பத்து வருசமா அள்ளினவ நானு. ஊஞ்ச மரத்தடி ஒங்க நாயிங்க."

"அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

அவள் என்னை ஒரு வினோதமான ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "சொன்னா? நீங்கதானுங்களே எழுதுறவரு."

திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லிக் கமிட்டியில் கதைக்கிறேன் என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள். "அங்க வரமாட்டேனுங்க. இங்க சிஸ்டர்மாரு பள்ளிக்கூடத்துல கூட்டுறதுக்கு ஆளு கேட்டாங்க. போனேன். முன்னாடி வேல செஞ்ச எடத்துக் காயிதம் கேட்டாங்க. நீங்க எழுதினதக் காட்டினேன். படிச்சுப் பாத்துட்டு வேணாம்னுட்டாங்க. நான் கூட்டினேன்னு எழுதித் தருவீங்களா?" அவள் கேட்டது அவ்வளவுதான்.

நான் அதை மறைவாக எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் கமிட்டியின் தீர்மானம் புத்தகத்தில் இருக்கும்போது காரியதரிசி மாறி எழுதினால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். ஆகவே அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்று நடந்ததைச் சொன்னேன். சருகு தள்ளி மூடியதையும் சொன்னேன். தலைவர் மெதுவான குரலில், அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான், "ஒரு கூலிக்காரிக்காக எங்கள் எல்லாரையும் பிழைகாரராக்கப் போறீரோ?" என்றார். "பிழைகாரன் நான் ஒருத்தன்தான். அதை எழுதச் சொல்லித்தான் கேக்கிறன்" என்றேன். எழுதவில்லை. நான் காரியதரிசிப் பதவியிலிருந்து விலகியதை ஏற்றுக்கொண்டதாக மட்டும் எழுதினார்கள். செல்லாயியின் பெயர் அந்தப் பக்கத்தில் வரவேயில்லை. வெளியே வரும்போது என் குடையை எடுத்துத் தரக்கூட ஒருவரும் எழும்பவில்லை.

அன்றிரவே என் சொந்தப் பெயரில், தமிழிலும் இங்கிலீஷிலும் கடிதம் எழுதினேன். அதைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனபோது செல்லாயி, "வாசிச்சுக் காட்டுங்க" என்றாள். கிடங்கு வாசலில் நின்று, அத்தனை பெண்களும் கேட்க வாசித்தேன். 'அன்று காலை செல்லாயி பூங்காவைச் சுத்தமாகக் கூட்டினாள். அவள் போனபின் அதை அசிங்கப்படுத்தியது என் நாய். நான் அதை எடுக்கவில்லை. கேட்ட இடத்தில் உண்மையைச் சொல்லவுமில்லை. அவள் மேல் ஒரு குற்றமுமில்லை.' வாசித்து முடிந்ததும், "இன்னொருக்கா வாசிங்க" என்றாள். இன்னொரு தரம் வாசித்தேன். காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். "இப்ப அங்க யாருங்க அள்ளுறது?" என்று கேட்டாள். "என்ர நாய்க்கு நான்தான்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவள் சிரித்துக் கண்டது அந்த ஒரு தரம்தான். "கையாலயா?" "சிரட்டையால." "மேல கொஞ்சம் மண்ணத் தூவிட்டு எடுங்க, ஒட்டாது" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சிஸ்டர்மார் அவளை எடுத்துக்கொண்டார்கள் என்று பாண்காரன் பிறகு சொன்னான். அதற்குமேல் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவளைப் போய்ப் பார்க்க எனக்கு உரிமை இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை.

இதுதான் கதை. இதை உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்குக் காரணம், கடிதத்தில் நீ என்னை எப்போதும் மரியாதையாக அழைப்பாய். அதை இழக்க மனம் வரவில்லை. தாயில்லாத வீட்டில் தகப்பனுக்கு மிஞ்சுவது அந்த மரியாதை ஒன்றுதானே. ஆனால் நாளைக்கு நீயும் ஒரு வீடு எடுப்பாய், ஒரு ஆளை வேலைக்கு வைப்பாய், உனக்கும் ஒரு மேசையும் பேனாவும் இருக்கிறது. வாயில்லாத ஒருவர் தலையில் பிழையைப் போடுவது எவ்வளவு சுலபம், அதைச் செய்வதற்கு ஒருவன் கெட்டவனாக இருக்கவே தேவையில்லை என்பதை உன் அப்பனிடமிருந்தே தெரிந்துகொள். அன்று உன் கையிலிருந்த கடதாசியைப் பறித்தது நான் செய்த பிழை. நீ சரியாகத்தான் நினைத்தாய். பத்தொன்பது வயதில் உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய இன்னும் எட்டு வருஷமும் ஒரு மனுசியின் வேலையும் தேவைப்பட்டது.

உன் கடிதம் வந்ததும் நீ சொன்னபடி நடக்கத்தான் முதலில் பார்த்தேன். உன் வாழ்க்கை, ஒரு கிழவனின் பிடிவாதத்தால் அது கெடக்கூடாது. புதனும் வியாழனும் நான் பூங்காவுக்குப் போகவில்லை. பூங்காவைக் கூட்டப் புதிதாக வந்திருக்கும் ஆளிடம் சொல்லி ஜிம்மியை அனுப்பலாம் என்று பூங்காப் படலை வரைக்கும் மட்டும் போனேன். அவனும் செல்லாயியைப் போல இந்தியாக்காரன்தான். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சொல்ல வாய் வரவில்லை, திரும்பிவிட்டேன். ஜிம்மி இரண்டு நாளும் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்து முனகியது. நீ பழக்கிய பழக்கத்தை அது விடவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் கூட்டிக்கொண்டு போனேன். சபாபதி கடலைப் பார்த்தார். நாய் வைத்திருக்கும் பறங்கி அம்மா ஒருவர் சில வாரமாகத் தானும் ஒரு பேணி கொண்டுவருகிறார். என்னோடு பேசுவதில்லை, தலையை மட்டும் ஆட்டுவார். நேற்றும் ஆட்டினார்.

ஆகவே என் பதில் இது. அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையுமில்லை. அவளைக் கட்டு, சந்தோஷமாக இரு. நான் கல்யாணத்துக்கு வரக்கூடாதென்று அவர்கள் சொன்னால் வரமாட்டேன், உன்னோடு கோபிக்கவும் மாட்டேன். அப்பாவுக்கு வயது போய் மூளை பிசகிவிட்டது என்று சொல்ல விரும்பினால் அதையும் சொல்லிக்கொள். பொய்யென்று மட்டும் எழுதாதே. விட்டுவிட்டார் என்றும் எழுதாதே. அந்தப் பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம் என்று உனக்குத் தோன்றினால் காட்டு. அவளுக்காவது நம் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று. உன் கடிதம் வருவதற்கு முன் ஐந்து மாதமாக எனக்கு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரன் படலையில் நிற்கும்போதே அவசரமாக உறையைக் கிழித்ததில் முத்திரையும் கிழிந்துவிட்டது. அது முழுக்க ஏச்சுத்தான். ஆனாலும் அதை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. உன் எழுத்து முன்பைவிடச் சாய்ந்துவிட்டது. 'அப்பா' என்ற சொல் அந்த ஒரு பக்கத்தில் நாலு தரம் வருகிறது. ஜிம்மிக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஏசுவதென்றாலும் எழுது, தம்பி.

அப்பா